மூன்று சேர்வராயன்

காலை ஆறேகாலுக்கு அர்த்தநாரியிடமிருந்து பதில்:
கோட் ஓடுகிறது.
ஆனால் மூன்று பேருக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறாய்.
எந்த வரியில் யார் நடக்கிறார்கள் என்றே
எனக்குத் தெரியவில்லை.

லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு
சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினேன்.
அஸ்தம்பட்டி தாண்டும்வரை கோபம்.

ஒரு ஃபைலை டிஸ்க்கில் எழுதவேண்டும் என்று வையுங்கள்.
மெமரியில் அது ஒரே இடத்தில் இருக்காது.
இங்கே ஒரு பேஜ், அங்கே இரண்டு,
கல்யாண மண்டப வாசலில் செருப்பு மாதிரி.
அடியில் ஓர் ஐட்டரேட்டர்
துண்டு துண்டாகத் தொட்டுக்கொண்டு நடக்கும்.
அதன் தோளில் இன்னொன்று,
ஒட்டிக் கிடக்கிற துண்டுகளைச் சேர்த்து
ஒரே நீளமாக்கும்.
அதற்கும் மேலே ஒன்று,
அந்த நீளத்துக்கு
டிஸ்க்குக்கு விளங்குகிற விலாசம் வாங்கித் தரும்.
நம் விலாசம் அதற்கு விளங்காது.

மூன்றையும் ஐட்டர் என்றே எழுதியிருந்தேன்.
இரவு இரண்டு மணி.
வேறு பெயர் வரவில்லை.

கோரிமேட்டில் கண்டக்டர்
பின்சீட்டிலிருந்து ஆரம்பித்தார்.
விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள்,
நெஞ்சில் கறுப்புப் பட்டை: சேர்வராயன்.

"அறுபதடிப் பாலம்" என்றாள் என் பக்கத்துப் பெண்.
மெஷின் துப்பிய காகிதத்தில் பாலம் இல்லை,
ஏழு என்று மட்டும் இருந்தது.
"முன்ன பின்ன நாலு நிறுத்தம்,
எல்லாம் ஒரே ஸ்டேஜுதாம்மா."
சொல்லிவிட்டு முன்னால் நகர்ந்தார்.

அடிவாரம். முதல் வளைவு.
எஞ்சின் பல்லைக் கடித்தது.
"நாளன்னைக்கு நான் லீவு" என்றார் டிரைவரிடம்,
"கோயிலுக்குப் போகணும்."
எந்தக் கோயில் என்று டிரைவர் கேட்கவில்லை.

சேர்வராயன்
சேர்வராயனில் ஏறி
சேர்வராயனைக் கும்பிடுவார்.

ஒரு குழப்பமும் இல்லை.
ஆள் மொட்டையாக நிற்கிறார்.
மலைக்கு ஓர் இல்,
சாமிக்கு ஓர் ஐ.
பெயரை யாரும் மாற்றவில்லை,
வால் போதுமாக இருக்கிறது.

மடியில் திறந்தேன்.
துண்டில் நடப்பது.
நீளத்தை அளப்பது.
விலாசத்துக்குப் போவது.
ஏழாம் வளைவில் குமட்டல்.
எலுமிச்சை மோந்தபடி
நாற்பத்தேழு இடத்தில் மாற்றினேன்.

கண்டக்டர் தலைகளை எண்ணினார், நாற்பத்தொன்று.
மெஷினைப் பார்த்தார், நாற்பத்தொன்று.
திருப்தியாக உட்கார்ந்தார்.

பக்கத்துப் பெண் சில்லறையை எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
"குறையுதே."
அவள் கையில் இரண்டு டிக்கெட்.
என் கையில் ஒன்றுமில்லை.
ஒட்டி உட்கார்ந்திருந்தோம்,
ஒரே குடும்பம் என்று சேர்த்துவிட்டார்.

அப்போதுதான்
நானூறு தடவைக்கு ஒரு தடவை தோற்கிற,
அர்த்தநாரியிடம் சொல்லாமல் வைத்திருந்த
அந்த டெஸ்ட்.
எண்ணிக்கை எப்போதும் சரியாக வரும்.
ஃபைல் மட்டும் கெட்டிருக்கும்.
இரண்டு துண்டு ஒட்டிக் கிடக்கும்,
ஒன்று மெமரியுடையது, இன்னொன்று வேறொரு கார்டுடையது.
யாருடையது என்று கேட்காமலே
நடுவில் இருப்பது இரண்டையும் சேர்த்துவிடும்.
கேட்கவேண்டிய வரியை
வேறொரு ஐட்டருக்குக் கீழே எழுதியிருந்தேன்.
பெயர் ஒன்றுதானே, கண்ணில் படவில்லை.

அவளிடம் காசைக் கொடுத்தேன்.
"அவர் மேல தப்பில்ல" என்றாள்,
"நம்ம பை ரெண்டும் ஒரே மாதிரி."
பார்த்தேன். ஒரே ஜவுளிக்கடைப் பை.

பாலத்தில் இறங்கிப் போனாள்.
சிக்னல் இல்லை.
ஒண்டிக்கடை வந்ததும் அனுப்பினேன்,
தோற்கிற டெஸ்டையும் சேர்த்து.

டீ ஆறுவதற்குள் அர்த்தநாரி:
வால் நன்றாயிருக்கிறது.
ஆனால் 'அளப்பது' தப்பு.
அது அளப்பதில்லை, நம்புகிறது.

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.